ஆறரை மீற்றர் கயிறு: மவுசாகலையில் ஒரு படகு அறுந்துபோன இரவு

ஆடி பிறந்து நான்காம் நாள் காலையில் நாங்கள் கரைக்கு இறங்கியபோது படகு இல்லை. டர்பன்டைன் மரத்தில் கட்டியிருந்த மெல்லிய இழுகயிறு மட்டும் நனைந்து தொங்கியது. அது முடிச்சுக்குப் பக்கத்தில் அறுந்திருந்தது. முன்பக்கத்தைப் பிடித்திருந்த நீலக்கயிறு கண்ணிலேயே படவில்லை. அது கட்டியிருந்த இரும்பு முளை எப்போதோ தண்ணீருக்கடியில் போய்விட்டது.

மாமா கொஞ்ச நேரம் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "அவன்தான் வெட்டிவிட்டிருக்கான்" என்றார். இரண்டு நாளைக்கு முன்னால், வலை போட்ட இடத்தைப் பற்றி எதிர்க்கரைத் தோட்டத்துப் பையன் ஒருவனோடு அவருக்கு வாய்த்தகராறு. அன்று பகலே பொலிஸில் முறைப்பாடு கொடுப்பதாக இருந்தார்.

அந்த முறைப்பாடு கொடுக்கப்படவில்லை. ஏன் என்பதையும், படகு உண்மையில் எப்படிப் போனது என்பதையும், அதற்குப் பிறகு கட்டும் முறையில் என்னென்ன மாற்றினோம் என்பதையும் எழுதி வைக்கிறேன். இலங்கை மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் சின்னப் படகு வைத்திருக்கிற எவருக்கும் இதே இரவு வரலாம்.

இந்தத் தண்ணீரின் குணம்

மஸ்கெலியா ஓயாவுக்குக் குறுக்கே 1960களின் இறுதியில் கட்டிய அணையால் உண்டானதுதான் மவுசாகலை நீர்த்தேக்கம். பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள்தான் கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோவிலின் சுவர்கள் வெளியே வரும். சனம் வந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகும். மழை தொடங்கினால் கோவில் திரும்பவும் மறைந்துவிடும்.

படகு கட்டுகிறவனுக்கு அந்தக் கோவில் ஒரு அளவுகோல். ஒரு கட்டடமே மூழ்கி எழும்புகிற அளவுக்கு இங்கே நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. அதுவும் மழையைப் பொறுத்து மட்டும் இல்லை. இந்தத் தண்ணீர் சுரங்கம் வழியாக கெனியன் மின்நிலையத்துக்குப் போகிறது. மின்சாரத் தேவைக்கு ஏற்பத் திறப்பார்கள், மூடுவார்கள். ஆகவே வெயிலடித்தால் இறங்கும், மழை பெய்தால் ஏறும் என்று கரையில் நின்றபடி கணக்குப் போட்டுவிட முடியாது.

அக்காவைக் கட்டியவர் மன்னார்க்காரர், பரம்பரை மீனவர். முதல் தடவை எங்கள் கரைக்கு வந்தபோது அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கடல்லகூட தண்ணி இவ்வளவு ஏறி இறங்காது மச்சான். இங்க எப்படிப் போட் கட்டுறீங்க?" இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றர்கூட வராது. அவர் ஊரில் அளவு பார்த்துக் கட்டிய கயிறு வருடம் முழுக்க அளவாகவே இருக்கும். எங்கள் ஊரில் பங்குனியில் அளவாக இருந்த கயிறு ஆடியில் அளவாக இருக்காது. இதை அவர் கேட்டபோதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

எப்படிக் கட்டியிருந்தோம்

படகு 18 அடி பைபர் படகு. எஞ்சின் கிடையாது, துடுப்புத்தான். திலாப்பியா பிடிக்கப் போவோம். மலையில் வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும்.

மாசிக் கடைசியில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்த நேரம், நீரோரமாக ஒரு இரும்பு முளையை மாமா அலவாங்குபோல ஆழமாக அடித்து இறக்கினார். அதில் 8 மில்லிமீற்றர் நீல பொலிபுரொப்பிலீன் கயிறு. ஹாட்வெயார் கடைகளில் சுருள் சுருளாகத் தொங்குமே, அதே கயிறுதான். மறுமுனையைப் படகின் மூக்கில் இருக்கும் துளைக்குள் விட்டு முடிச்சுப் போடுவோம். மீன்பிடிக்கப் போகும்போது அந்த முனையில் ஒரு வெறும் பிளாஸ்டிக் கேனைக் கட்டி மிதக்க விட்டுவிட்டுப் போவோம். படகைக் கரைக்கு இழுக்கத்தான் டர்பன்டைன் மரத்து மெல்லிய கயிறு.

வைகாசி, ஆனியில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை பிடித்துக்கொண்டது. முளை தண்ணீருக்குள் போனது. மாமா அதை நல்லதென்றே நினைத்தார். "தண்ணிக்கடியில இருந்தா எவனும் பிடுங்க மாட்டான்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கயிறு நீளமாக இருக்கிறது, முளை அசையவில்லை, வேறென்ன வேண்டும்?

படகு போன நாளுக்கு முந்திய மாலை, மாமா வழக்கமாகக் கால் கழுவும் தட்டைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கல்லின் விளிம்பைத் தண்ணீர் தொட்டிருந்தது. படகு அசையாமல் நின்றது. கயிறு விறைப்பாக இருந்தது. "நல்லா இழுத்துப் பிடிச்சு நிக்குது" என்று திருப்தியாக எழும்பிப் போனார். அந்த விறைப்புத்தான் எச்சரிக்கை என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது. இரவு முழுக்கக் காற்றும் மழையும்.

அறுந்த முனை சொன்னது

மறுநாள் மத்தியானம் படகு கிடைத்தது. கீழ்க்காற்றுப் பக்கமாக ஒரு குடாவில், பழைய மரக்கட்டைகளுக்கு நடுவே கவிழாமல் செருகிக் கிடந்தது. உட்காரும் பலகை மட்டத்துக்குத் தண்ணீர் நிறைந்திருந்தது. அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வலை இரண்டும் போய்விட்டன. மூக்குத் துளையில் எங்கள் முடிச்சு அப்படியே இருந்தது. முடிச்சிலிருந்து ஒரு விரல் நீளம் கயிறு தொங்கியது.

அதை மாமா கையில் எடுப்பதற்கு முன்னால் நான் வாங்கிக்கொண்டேன். மூன்று புரி முறுக்கிய கயிறு அது. முனையில் இரண்டு புரிகள் குட்டையாக, பூனை வால்போல மெதுமெதுவென்று பிசிறியிருந்தன. பிசிறில் அழுக்கும் பாசியும் ஏறியிருந்தன. அப்படியென்றால் அந்தத் தேய்மானம் அன்று இரவு நடந்ததில்லை, வாரக்கணக்காக நடந்திருக்கிறது. மூன்றாவது புரி மட்டும் மற்ற இரண்டையும்விட நீளமாக இழுபட்டு, நார்கள் ஒழுங்கில்லாமல், புது நீல நிறத்தோடு அறுந்திருந்தது. கத்தி வைத்தால் மூன்று புரியும் ஒரே மட்டத்தில், சுத்தமாகப் போகும். மாமாவின் கத்தியாலேயே பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி இரண்டையும் சேர்த்துக் காட்டினேன்.

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம் துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பைபர் வெட்டிய இடம் மழிக்கப்படாமல் சொரசொரவென்று இருந்தது, அரம்போல. படகு அசையும் ஒவ்வொரு தடவையும் கயிற்றின் ஒரே இடம் அந்த விளிம்பில் உரசியிருக்கிறது. அடுத்த ஞாயிறு மாமா எதிர்க்கரைக்கு நடந்தே போனார். அந்தப் பையனின் அப்பாவிடம், முறைப்பாடு கொடுக்காமல் மனதில் நினைத்ததற்குக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். இந்த ஆய்வில் எனக்கு மிகப் பெரிய விஷயம் அதுதான். ஒரு விரல் நீளக் கயிற்றை நிதானமாகப் பார்க்காமல் விட்டிருந்தால் இரண்டு தோட்டங்களுக்கு நடுவே தீராத பகை ஒன்று முளைத்திருக்கும்.

முளை வெளியே வந்த பிறகு

தேய்மானம் தெரிந்துவிட்டது. ஆனால் தேய்ந்த கயிறு ஆனி மாதக் காற்றை எல்லாம் தாங்கியிருக்கிறதே, அன்றைக்கு மட்டும் ஏன் அறுந்தது? "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்" என்று மாமா முடித்துவிட்டார். எனக்குத் திருப்தி இல்லை. பதில் தண்ணீருக்கடியில் இருந்தது.

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் நிறைந்து ஓடிக்கொண்டிருந்த மாசியில், முளை மறுபடி வெளியே வந்தது. தண்ணீர்ப் பக்கமாக வளைந்திருந்தது, பிடுங்கவில்லை. கயிறு சேற்றில் சாம்பல் நிறமாகக் கிடந்தது. நாடா வைத்து அளந்தேன். முளையிலிருந்து அறுந்த முனைவரை ஆறரை மீற்றர்.

மேசன்மார் வைத்திருக்கும் தண்ணி லெவல் குழாய் ஒன்றை இரவல் வாங்கி, முளையின் தலையிலிருந்து மாமாவின் கால் கழுவும் கல்வரை படிப்படியாக மட்டம் பிடித்துக்கொண்டு ஏறினோம். வந்த உயரம் 6 மீற்றர். படகின் மூக்குத் துளை நீர்மட்டத்துக்கு மேல் அரை மீற்றர். ஆக, அன்று மாலை முளைக்கும் மூக்குக்கும் இடையே செங்குத்தாகவே ஆறரை மீற்றர், கயிறும் ஆறரை மீற்றர். மாமா பார்த்துத் திருப்திப்பட்ட விறைப்பு இதுதான். கயிற்றில் ஒரு விரல்கடைகூட மிச்சம் இல்லை.

மறுநாள் காலையில் அந்தத் தட்டைக் கல் முழங்கால் அளவு தண்ணீருக்குள் இருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே நினைவிருக்கிறது. கிட்டத்தட்ட 40 சென்ரிமீற்றர். அதாவது இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறியது, கயிறு நீளவில்லை. படகு மிதந்து எழும்பப் பார்க்கிறது, முளை அதன் மூக்கைக் கீழே பிடித்து இழுக்கிறது. குனிந்த மூக்கின் மேலாக அலை உள்ளே ஏறுகிறது. மேலிருந்து மழை.

மழையின் பாரத்தை நாங்கள் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். எங்கள் படகின் திறந்த வாய் சுமார் 6 சதுர மீற்றர். 50 மில்லிமீற்றர் மழைக்கே 300 லீற்றர், அதாவது 300 கிலோ. மஸ்கெலியாவில் ஆடி மாதத்து இரவொன்றில் 50 மில்லிமீற்றர் என்பது பெரிய மழை இல்லை.

இனிக் கயிற்றின் பக்கம். 8 மில்லிமீற்றர் பொலிபுரொப்பிலீன் கயிறு புதிதில் ஏறத்தாழ ஒரு தொன் இழுவைக்கு அறும். முடிச்சு விழுந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். மூன்று புரியில் இரண்டு தேய்ந்துவிட்டன. மிஞ்சியது இருநூறு கிலோ சொச்சம் தாங்கும். அதிலும் வெயிலில் இரண்டு வருடம் கிடந்தது. பொலிபுரொப்பிலீனுக்குச் சூரிய ஒளி எமன், உயரமான இடங்களில் புறஊதாக் கதிரின் வேகம் இன்னும் கூடுதல். பழைய நீலக்கயிற்றைக் கையால் உருவினால் உள்ளங்கையில் மாவுபோல ஒட்டும், அது வெயில் தின்ற நார். இத்தனைக்கும் அப்புறம் காற்றைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. படகைத் தள்ளியது காற்றுத்தான். அறுத்தது ஏறிய தண்ணீரும், கூர் விளிம்பும், நாங்கள் பார்க்காமல் விட்டதும்.

புதிதாகக் கட்டியது

தண்ணீர் இறங்கியிருந்ததால் வேலை சுலபமாக இருந்தது. கடலில் நங்கூரக்கல்லைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட வேண்டும். இங்கே அது கிடக்க வேண்டிய இடத்திலேயே நின்று வார்த்துவிடலாம். மணலையும் சல்லியையும் சீமெந்தையும் உரப்பைகளில் தோளில் சுமந்து இறக்கினோம். முன்பு முளை அடித்த இடத்துக்கு மேலே, தண்ணீர் நிறைந்தால் 5 மீற்றர் ஆழம் வரக்கூடிய ஒரு தட்டில் குழி தோண்டி, பழைய லொறி டயர்கள் மூன்றைப் பாதி புதைத்து உள்ளே கொங்கிரீட் போட்டோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 கிலோ. தண்ணீருக்குள் அது 70 கிலோதான். கொங்கிரீட் தண்ணீரில் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். ஒரு கல் போதும் என்றிருந்த மாமா, இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் மூன்றுக்குச் சம்மதித்தார். மூன்றையும் சங்கிலியால் பிணைத்து, நடுவிலிருந்து 3 மீற்றர் சங்கிலியை மேலே விட்டோம். சங்கிலியின் பாரம் அடியில் படுத்துக்கொண்டு இழுவையைக் கிடைமட்டமாக்கும், அலை தூக்கும்போது வெடுக்கென்று இழுபடாமல் காக்கும்.

சங்கிலிக்கு மேலே 12 மில்லிமீற்றர் நைலோன் கயிறு, 12 மீற்றர். மொத்தம் 15. ஆழத்தைப்போல மூன்று மடங்கு. அணை வான் பாயும் மட்டத்துக்கு மேல் தண்ணீர் பெரிதாக ஏறப்போவதில்லை, அந்த உச்சக்கோடு கரையில் புல் தொடங்கும் இடத்தில் எப்போதும் தெரியும். அதிலிருந்து கீழே அளந்துதான் இந்த 5 மீற்றரை எடுத்தோம். அன்று கரையில் கண்ட தண்ணீரை வைத்து அளந்ததுதான் பழைய தவறு.

நைலோனுக்கு மாமாவின் ஐந்து நாள் பேர்க் காசு, அதாவது தோட்டத்து நாட்கூலி, போனது. ஆனாலும் அதுதான் சரி. நைலோன் ரப்பர்போல இல்லாவிட்டாலும் நன்றாகவே நீண்டு கொடுக்கும், அந்த நீட்சி படகின் மூக்குக்கும் முடிச்சுக்கும் வரும் அடியை வாங்கிக்கொள்ளும். நனைந்தால் கொஞ்சம் பலம் குறையும், அதற்காகத்தான் 10 போதும் என்ற இடத்தில் 12 எடுத்தோம். அது மூழ்குகிற கயிறு என்பதால் வலையிலும் துடுப்பிலும் சிக்காது.

கண், அதாவது கயிற்றின் நுனியில் முடிச்சில்லாமல் போடும் வளையம், பின்னுவதை மன்னார் மச்சான் கற்றுக்கொடுத்தார். கயிற்றின் நுனியில் மூன்று புரியையும் பிரித்து, வளைத்து, உடல் கயிற்றின் முறுக்கைக் கட்டைவிரலால் திறந்து, ஒவ்வொரு புரியாக ஒன்றுக்கு மேலே ஒன்றுக்குக் கீழே என்று செருகிக்கொண்டே வர வேண்டும். "நைலோன் வழுக்கும் மச்சான், அஞ்சு சுத்துக்குக் குறையாமப் போடுங்க" என்றார். முடிச்சு மூன்றில் ஒரு பங்கு பலத்தைத் தின்கிற இடத்தில், இப்படிப் பின்னிய கண் பத்தில் ஒரு பங்குதான் தின்னும். கண்ணுக்குள் திம்பிள் என்ற உலோக உறையை வைத்தோம், சங்கிலி நேராகக் கயிற்றைக் கடிக்காமல் இருக்க. சங்கிலியையும் கண்ணையும் இணைக்கும் ஷெக்கிள் கொளுவியின் ஆணியைக் கட்டுக்கம்பியால் பூட்டினோம். பூட்டாவிட்டால் ஆட்டத்தில் ஆணி தானாகக் கழன்றுவிடும்.

கோடை காலத்துக்கு இது உதவாது. கொங்கிரீட் இருக்கும் இடமே வரண்டுவிடும். அதற்காகச் சரிவில் மேலிருந்து கீழாக ஆறு குழாய் முளைகள், ஒன்றுக்கொன்று ஒன்றரை மீற்றர் உயர வித்தியாசத்தில், தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்து, சிவப்புப் பெயின்டில் இலக்கம் போட்டோம். கட்டியிருக்கும் முளை முழங்கால் ஆழத்துக்குள் போனால் உடனே அடுத்த முளைக்கு மாற வேண்டும். தண்ணீர் இறங்கிப் படகு சேற்றில் தரைதட்டப் பார்த்தாலும் அதே மாதிரி.

மூக்குத் துளையை அரம் போட்டு மழித்து, பைபர் பசை பூசி உருண்டையாக்கினோம். இதை முதல் நாளே செய்திருந்தால் அரை மணித்தியால வேலை.

இரண்டு பிழைகள் இன்னும்

எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை. கயிறு உரசும் இடத்தில் முதலில் சைக்கிள் டியூப் சுற்றினோம். இரண்டு மாதம் கழித்து அவிழ்த்தபோது உள்ளே பொடிமணல் பிடித்து, டியூபே உப்புத்தாள்போலக் கயிற்றைத் தேய்க்கத் தொடங்கியிருந்தது. இப்போது தடித்த தோட்டக்குழாய்த் துண்டு ஒன்றைக் கோர்த்து, இரண்டு முனையையும் கயிற்றின் புரிகளுக்குள் நூல் விட்டுக் கட்டியிருக்கிறோம். வாரத்துக்கு ஒருதரம் நகர்த்தி, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம்.

மற்றது சுழலி. ஐப்பசியில் மாலை இடிமழைக் காலம். காற்று திசை மாறி மாறி அடிக்கும். படகு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து கயிறு சங்கிலியோடு பின்னிக்கொண்டது. 15 மீற்றரில் பாதிதான் மிச்சம் என்று ஒரு நாள் தெரிந்தபோது எனக்குப் பழைய இரவு ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. சங்கிலிக்கும் கயிற்றுக்கும் நடுவே, முறுக்கு ஏறாமல் தானாகச் சுழன்று கொடுக்கும் சுழலி ஒன்றைப் போட்டோம். காற்று மாறும் மாதங்களில் பின்பக்கத்தையும் கரையோடு தளர்வாகக் கட்டுகிறோம்.

பராமரிப்பு

சனிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்குகிறோம். கையுறை போடாமல் கயிற்றை முழுக்க விரலுக்குள் விட்டு உருவ வேண்டும். கண்ணுக்குத் தப்பும் பிசிறு விரலுக்குத் தப்பாது. இரண்டு மூன்று இடங்களில் புரியைத் திருகித் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் சேற்றுத் தண்ணீரின் துகள் கயிற்றுக்குள் புகுந்து உள்ளுக்குள்ளேயே நாரை அறுக்கும், வெளியே புதிதுபோலத்தான் தெரியும். அப்படிக் கண்டால் ஓடைத் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். வருடத்துக்கு ஒருதரம் மேல்முனையைக் கீழாகவும் கீழ்முனையை மேலாகவும் மாற்றுகிறோம்.

மழை நாட்களில் இருட்டுவதற்கு முன் தண்ணீர் இறைத்துவிட்டுத்தான் வீடு. இரவு மழைக்காகப் படகின் நடுவே மூங்கில் ஒன்றை நீளவாட்டில் வைத்து, அத்தையின் பழைய கொழுந்துப் படங்குகள் நான்கைச் சேர்த்துத் தைத்துக் கூரைபோலப் போர்த்துகிறோம். இடுப்பில் கட்டி மழையில் கொழுந்து எடுத்த படங்கு, மழைக்குப் பழகியதுதான்.

ஒரு கொப்பியும் உண்டு. திகதி, எந்த முளை, தண்ணீர் எந்தக் கல்லில், கயிற்றில் கண்டது என்ன. பெரும்பாலும் மாமாதான் எழுதுகிறார்.

போன சனிக்கிழமை ஐந்தாம் முளையிலிருந்து நான்காம் முளைக்கு மாற்றினோம். மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு புரியில் லேசான பிசிறு மாமாவின் விரலில் தட்டியது. "வெட்டிருவோம் மருமகனே" என்றார். வெட்டினோம். மெழுகுதிரியில் நுனி சுட்டு, அந்த வெளிச்சத்திலேயே அவர் புதுக் கண் பின்னினார், ஐந்து சுற்று, சத்தமாக எண்ணிக்கொண்டே. கொப்பியில், கயிறு 45 சென்ரிமீற்றர் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்.